பாதி பச்சை நாற்காலி

நாற்காலியின் இடது காலுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது ரஸல் வாண்டர்மோலனின் போன் சிணுங்கியது. தெருக்காரர்களின் குழுவில் எதிர்வீட்டு டேல் எழுதியிருந்தார்.

"எங்கள் வாசலில் இருந்த ஆடும் நாற்காலியை இன்று காலை முதல் காணவில்லை. இறந்துபோன என் அம்மாவுடையது. யாராவது பார்த்தீர்களா?"

ரஸல் போனிலிருந்து கண்ணை எடுத்தார். கையில் பிரஷ், எதிரே அதே நாற்காலி.

பெரிய சாமான்களைக் குப்பைவண்டி ஏற்றிப் போகும் வாரத்தில், தெருவோரம் வைத்ததை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது மிச்சிகனில் அந்தப் பக்கத்து வழக்கம். சோபா, கட்டில், புல்வெட்டும் இயந்திரம் எல்லாம் அப்படித்தான் வீடு மாறும். காலையில் நாயோடு நடந்தபோது, டேல் வீட்டுக் குப்பைத்தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி இந்த நாற்காலி நின்றது. அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் 'இலவசம்' என்று சீட்டு ஒட்டாத பொருளை யாரும் தொடக்கூடாது என்று வீடுவீடாகக் கடிதம் போட்டவரும் குடியிருப்போர் சங்கச் செயலாளரான இதே ரஸல்தான். புல் ஆறு அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததற்காக, போன மாதம் அதே தெருவில் ஒரு கர்ப்பிணிக்கு எச்சரிக்கை அனுப்பியவர். ஊருக்குத்தானே உபதேசம்! இது வெளியே தெரிந்தால் இனி இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

"கொண்டுபோய்க் குடுத்துட்டு வா ரஸ்," என்றாள் மனைவி கோனி.

"எப்படிக் குடுக்கறது? பாதி பச்சையா இருக்கே!"

"மீதியும் பச்சையாகறதுக்குள்ள போ."

நல்ல யோசனை. அதனால்தான் ரஸல் கேட்கவில்லை. பெயிண்டைத் துடைத்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்று தின்னரை ஊற்றித் தேய்த்தார். பெயிண்டோடு அறுபது வருட வார்னிஷும் உரிந்து வந்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது போதாதென்று, அந்தக் குரங்குக்குச் சொறியும் பிடித்தது.

அதற்குள் குழுவில் ஆளாளுக்குப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று ரஸலும் எழுதினார்: "வெட்கக்கேடு! செயலாளர் என்ற முறையில் இதை நான் சும்மா விடமாட்டேன்."

பத்தாவது நிமிடம் டேல் கதவைத் தட்டினார்.

"நீங்க ஒருத்தர் இருக்கறது எவ்வளவு தைரியமா இருக்கு தெரியுமா ரஸல்?" அவர் கண் கலங்கியிருந்தது. "எங்கம்மா என்னை மடியில போட்டு ஆட்டின நாற்காலி. ஆமா, கையில என்ன பச்சை?"

"புல்லு. புல்லு வெட்டினேன்."

"யார் எடுத்திருப்பாங்க?"

"பழைய இரும்பு எடுக்க வண்டி வருதே, அவங்கள்ல யாராவதா இருக்கும்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். சொன்ன மறுநொடி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மத்தியானம் இரும்பு எடுக்கும் ஒர்டேகா தன் வண்டியோடு தெருவுக்குள் நுழைந்தார். பதினைந்து வருடமாக வருகிறவர். டேல் சொல்லியதில் ஆறு பேர் திரண்டு வழிமறித்தார்கள்; ரஸலும் வெளியே வர வேண்டியதாயிற்று.

"வண்டியில என்ன இருக்கு? காட்டு!"

"பாருங்க சார். ஒரு வாஷிங் மெஷின், ரெண்டு சைக்கிள். மரச்சாமான் நான் தொடறதே இல்ல."

"அதுக்குள்ள வித்திருப்பே. போலீஸைக் கூப்பிடுங்க!"

டேலின் மனைவி மார்லின் மட்டும், "ஒரு நாற்காலிதானே, பாவம், அவரைப் போக விடுங்களேன்," என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

"ரஸல், நீங்கதானே செயலாளர்? நீங்களே போன் பண்ணுங்க," என்றார் டேல்.

ஒர்டேகா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். போன குளிர்காலத்தில் பனியில் சிக்கிய ரஸலின் காரைத் தள்ளிவிட்டவர் அவர்தான். ரஸலுக்குத் தன் முகத்தில் தானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"போலீஸ் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுத் தன் கராஜ் கதவைத் தூக்கினார். பட்டப்பகலில், தெருவே பார்க்க, பாதி பச்சையும் பாதி சொறியுமான நாற்காலியைச் சுமந்துகொண்டு வந்தார். எதிர்வீட்டுக்கு நாற்பது அடிதான். அன்றைக்கு அது முடிவேனா என்றது.

"நான்தான் எடுத்தேன். குப்பைன்னு நினைச்சேன். அப்புறம் சொல்ல வெட்கமா இருந்துச்சு, இவர் மேல பழியைப் போட்டேன். ஒர்டேகா, என்னை மன்னிச்சிடுங்க."

எல்லாரும் நாற்காலியின் பச்சைக் காலைப் பார்த்தார்கள். அந்தக் கர்ப்பிணிப் பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடுத்த தடவை காரு மாட்டினா வேற ஆளைப் பாத்துக்கோங்க சார்," என்று ஒர்டேகா வண்டியைக் கிளப்பினார்.

டேல் நாற்காலியைத் தடவிப் பார்த்தார். பிறகு ரஸலைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"திருப்பிக் கொண்டாந்தீங்களே, அதுவே போதும்! இனிமே இது நடுக்கூடத்துலதான். வெளிய விடவே மாட்டேன்."

இரண்டு அறை விட்டிருந்தாலாவது ரஸலுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். டேல் இடம் ஒழிக்க உள்ளே ஓடினார். நாற்காலியின் மறுபக்கத்தைத் தூக்க மார்லின் வந்தாள்.

"மன்னிச்சிடுங்க மார்லின்," என்றார் ரஸல், நிமிராமலே.

மார்லின் பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளே கேட்காத குரலில் சொன்னாள்:

"என் மாமியார் உக்காந்த இடத்துலேருந்தே என்னைத் திட்டித் தீர்த்த நாற்காலி இது; எட்டு வருஷமா டேலுக்குத் தெரியாம நானும் தெருவுல வெச்சு வெச்சுப் பாத்து, இந்த வருஷம்தான் யாரோ ஒரு புண்ணியவான் எடுத்தான்னு நிம்மதியா இருந்தேன், அதையும் கெடுத்துட்டீங்களே!"