ஸ்பெயினின் களங்கம் துடைப்பவர்

ஹாலந்தில் குழந்தை அடம்பிடித்தால், என்றோ அங்கே படையோடு போன ஸ்பானியத் தளபதி ஆல்பா பிரபுவின் பெயரைச் சொல்லித்தான் இன்றும் அடக்குகிறார்களாம். எனக்குச் சொன்னவர் முடிதிருத்துபவர். அவருக்குச் சொன்னவர் அவருடைய மைத்துனர். மைத்துனர் ஹாலந்து போனதில்லை.

இத்தகைய வதந்தியைத் தின்றே வளரும் ஓர் இனம் நான் குடியேறிய ஸ்பெயினின் வயதோலித் நகரில் உண்டு. களங்கம் துடைப்பவர்! நீங்கள் வானிலை பற்றிப் பேசினாலும், அவர் ஜெர்மனியில் எரிக்கப்பட்ட சூனியக்காரிகளுக்குத் தாவி, அங்கிருந்து மதவிரோதிகளைத் தண்டித்த தங்கள் விசாரணை மன்றத்தின் பெருந்தன்மைக்கு வந்து, அமெரிக்காவில் தாங்கள் கட்டிய பல்கலைக்கழகங்களை எண்ணி முடிப்பதற்குள் உங்கள் காபி ஆறிவிடும். அவர் சொல்வதில் பாதி உண்மை. அதுதான் தொல்லையே.

என் மாடிவீட்டு எவாரிஸ்தோ இந்த இனத்தின் திலகம். மகள் நியேவெஸுக்கு மாப்பிள்ளை வாய்த்ததோ ஹாலந்தில். மாப்பிள்ளையின் அம்மா விலமைன் விருந்துக்கு வந்தார். தமிழன், நடுநிலை நாட்டுக்காரன் என்று என்னையும் உட்கார வைத்தார்கள்.

"அப்பா, பழைய யுத்தம் எதையாவது எடுத்தீங்க, கல்யாணம் ஹாலந்துலதான். உங்களுக்கு அழைப்பும் கிடையாது!" என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள்.

சூப் வரை தாங்கினார். சுட்ட ஆட்டுக்குட்டி வரையும் தாங்கினார். ஆனால் இங்கே சாப்பாடு முடிந்தால் யார் எழுந்திருக்கிறார்கள்? பொழுது சாயும்வரை பேச்சுத்தானே!

"சம்பந்தியம்மா, மறைக்காமச் சொல்லுங்க. பையனை ஆல்பா பிரபு பேரைச் சொல்லித்தானே மிரட்டுனீங்க?"

"இல்லீங்களே. டிவியை நிறுத்திடுவேன்னு சொல்வேன்."

"கொஞ்சங்கூட மிரட்டலையா?"

"அதெல்லாம் ஊதிப் பெருசாக்கினதுன்னு இப்பப் பள்ளிக்கூடத்துலயே சொல்றாங்க. நீங்க ரொம்ப சாதுவான ஜனங்க!"

வாழ்நாள் முழுக்க அவர் கேட்க விரும்பிய வாக்கியம். முகம் ஏன் அப்படிச் சிவந்தது?

"சாதுவா? நாங்களா? பாதி உலகம் எங்களைப் பாத்து நடுங்குச்சும்மா! உங்க ஊருங்களைப் பட்டினி போட்டோம், கொளுத்தினோம்..." சர்க்கரைக் கரண்டியை ஆட்டி ஆட்டி, இத்தனை காலம் துடைத்த கறையையெல்லாம் தன் கையாலேயே அள்ளிப் பூசிக்கொண்டார்.

நியேவெஸ் தன் மேலங்கியை எடுத்தாள். "வாங்க அத்தை, போலாம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நம் தமிழ் மன்னர்கள் கப்பலேறிப் போனதை யாரோ 'படையெடுப்பு' என்றபோது, 'வணிகம்' என்று பாய்ந்து திருத்தினீர்களே, அது யார்? அடுத்த வாரமே, 'கடல் தாண்டி வென்றோம்' என்று மார்தட்டியவர்?

எவாரிஸ்தோ மகளை அழைக்கிறார். மேசைமேல் கைபேசியில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

"மக எடுப்பா," என்கிறார் என்னிடம். "எடுத்ததும் ஒண்ணே ஒண்ணு மட்டும் விளக்கிடறேன்."