உறைந்த அருவி எப்படி ஆடும்?

கோவில்பட்டி
22.2.2001

அன்புத் தங்கை சுதாராணிக்கு அக்கா பூங்கொடி எழுதுவது. இங்கே அம்மா, அத்தான், நான், வெயில் எல்லோரும் சௌக்கியம். அங்கே நீ, தம்பி முத்துசெல்வம், குளிர் மூவரும் சௌக்கியம்தானே?

நீ அனுப்பிய உறைந்த அருவிப் படங்கள் முந்தாநாள் வந்து சேர்ந்தன. கனடாவில் குளிர்காலத்தில் அருவி அப்படியே நின்றுவிடும் என்று நான் படித்திருக்கிறேன், அம்மா படித்ததில்லை. முதல் படத்தைக் கையில் வாங்கியவள், "இது என்னட்டி, சுண்ணாம்பக் கரைச்சு மலையில ஊத்துன மாதிரி இருக்கு?" என்றாள். தண்ணீர்தான், குளிரில் கட்டிபட்டு நிற்கிறது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு வெயிலம்மாள் குடத்தோடு உள்ளே வந்து, "அங்கனயும் தண்ணி நின்னு போச்சா? பாவம், லாரியிலயாவது கொண்டாந்து விடுதாவளா?" என்று உங்கள் ஊருக்காக வருத்தப்பட்டாள். அருவிக்கு முன்னால் தொப்பி, கம்பளிக் கோட்டு, கழுத்துத் துணி எல்லாம் சுற்றிக்கொண்டு நிற்பவர் தம்பிதான் என்று நான் சொன்ன பிறகு அம்மா, மாப்பிள்ளையே நேரில் வந்துவிட்டதுபோல, அவசரமாகச் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். அதுவரை யாரோ போர்வை வியாபாரி என்று நினைத்திருக்கிறாள். அத்தான் ஒரு படத்தைத் தனியாக எடுத்து வைத்து, நம் தீப்பெட்டி ஆபீஸில் புதிதாகப் போடும் பெட்டிக்கு இதையே லேபிளாக அடித்தால் என்ன என்று யோசித்தார். "அடிங்க அண்ணாச்சி, பாத்த உடனே குச்சி நமுத்துப் போவும்" என்றாள் வெயிலம்மாள். அவர் படத்தை உறைக்குள் திரும்ப வைத்துவிட்டார்.

வேடிக்கை அதோடு முடிந்திருக்கும். ஆனால் படங்கள் எல்லாமே ஆடியிருந்தன, சுதா. கழுகுமலைத் தேரோட்டத்தில் கூட்டம் இடித்துத் தள்ளியபோதுகூடத் தேர்ச்சக்கரத்தை ஆடாமல் எடுத்தவள் நீ. ஓடுகிற தண்ணீர் கலங்கித் தெரிந்தால் நியாயம். உறைந்து நிற்கிற தண்ணீர் எப்படி ஆடும்? இதை நான் சும்மா வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அம்மா படங்களை மறுபடி வாங்கி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எதிலும் நீ இல்லை. எடுத்தவளே நீ என்பதால் இருக்கவும் முடியாது. கடைசிப் படத்தில் மட்டும், தம்பியின் காலடியில், பனியின் மேல் உன் நிழல் நீளமாக விழுந்திருந்தது. அம்மா அதன் மேல் விரலை வைத்தாள்.

"ஒரு கை காமிராவத் தூக்கிப் பிடிச்சிருக்கு. மத்தக் கை எங்கட்டி?"

"கோட்டுப் பைக்குள்ள இருக்கும்மா. குளிருதுல்லா."

"பையில இல்ல. வயித்துல வச்சிருக்கா."

நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். நிழலை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, சூரியன் தாழ்ந்திருந்தால் உருவமே இழுபட்டுப் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க காலேஜுல பிள்ளத்தாச்சி நிக்கிறதப் பத்தியா சொல்லிக் குடுத்தாவ?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் பேசாததுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. போன ஆடியில் நீ போனில் சொன்ன மறுநாளே அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பிறகு அது நிலைக்கவில்லை என்பதையும் அதே வீடுகளில், கேட்டவர்களுக்கெல்லாம், அவளே சொல்ல வேண்டியிருந்தது. "மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்சும் சொன்னேனே" என்று இன்னும் தன்னையே நொந்துகொள்கிறாள். அதனால் இந்தத் தடவை வாயை இறுகப் பூட்டிக்கொண்டாள். நேற்று வெயிலம்மாள், "மக எப்படி இருக்கா?" என்று கேட்டதற்கு, "அருவி நல்லா இருக்கு" என்று பதில் சொன்னாள். வெயிலம்மாள் என்னைப் பார்த்தாள்; நான் மின்விசிறியைப் பார்த்தேன். உன்னிடமே போனில் கேட்டுவிடலாமா என்றேன் அம்மாவிடம். "ஏட்டி, கேக்காத. அவளுக்கு எப்பச் சொல்லணும்னு தோணுதோ அப்பச் சொல்லட்டும். பனியில நடக்காதன்னு மட்டும் எழுது. காரணம் எழுதாத."

ஆகவே காரணம் இல்லாமல் எழுதுகிறேன்: பனியில் நடக்காதே. காரணம் இல்லாமலே ஒரு பார்சலும் வருகிறது. அதில் உப்பு நார்த்தங்காய், சுண்டவற்றல், கருப்பட்டி எல்லாம் இருக்கின்றன. யாரும் எப்போதும் சாப்பிடக்கூடிய பண்டங்கள்தான். அம்மாவின் கணக்கை நீ பொருட்படுத்த வேண்டாம். உன் கை கோட்டுப் பையில்தான் இருந்தது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். தம்பிக்கு எங்கள் அன்பு. அவர் படம் வைத்திருக்கும் அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் அம்மா தலைப்பைச் சரிசெய்துகொள்கிறாள். செண்பகவல்லி அம்மன் எந்தத் தரையிலும் உங்கள் இருவரையும் வழுக்காமல் நிறுத்தி வைக்கட்டும்.

அன்புள்ள அக்கா,
பூங்கொடி

பி.கு.: இதை ஒட்டுவதற்கு முன், இன்று சாயங்காலம், உடம்பில் ஒரு போர்வையைச் சுற்றி, மேலே அத்தானின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, மொட்டைமாடியில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தேன். கையைப் பைக்குள் விட்டால் முழங்கை உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. நிழல் ஒரே கட்டையாக விழுகிறது. வயிற்றின் மேல் வைத்தால்தான், உன் படத்தில் இருப்பதுபோல, இடுப்புக்கும் கைக்கும் நடுவே ஒரு துண்டு வெளிச்சம் தெரிகிறது. மாடியேறி வந்த அத்தான், "என்ன பூங்கொடி, குளிர் காய்ச்சலா? இப்படி வேர்த்து ஊத்துது?" என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவருக்கும் காரணம் சொல்லவில்லை.

பார்சலின் அடியில் அம்மா தன் பழைய நூல் சேலைகளைத் மெத்தென்று ஆகும்படி துவைத்து, கிழித்து, மடித்து மடித்து வைத்திருக்கிறாள். காமிரா துடைக்க என்று எழுதச் சொன்னாள். ஒரு காமிராவுக்கு இவ்வளவு துணி எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.