குள்ளர் வூட்டில் பெண் பார்த்தது

"ஞாயித்துக்கிழமை குள்ளர் வூட்லயே பொண்ணு பாத்துக்கலாங்க" என்று மொரப்பூரிலிருந்து பெண்ணின் சித்தப்பா சென்றாயன் போனில் சொன்னதும் பிரபாகருக்கு முகம் தொங்கிவிட்டது. மாப்பிள்ளை குள்ளம் என்று ஏற்கெனவே சில இடங்கள் தட்டிப்போயிருந்தன.

"பாத்தியாக்கா, நம்ம வூட்டுக்குப் பேரே வெச்சிட்டாங்க!"

அக்கா பானுமதி தலையில் அடித்துக்கொண்டாள். "அட கூமுட்ட! தருமபுரி பார்க்ல இருக்குதே, அந்தக் கல்லு வூட்டச் சொல்றாங்கடா."

சனங்கள் போய்ப் பார்க்க ரோடு போட வழியில்லை என்று மலையடிவாரத்திலிருந்து பெயர்த்து வந்த கல்திட்டை அது; பலகைக்கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லைக் கூரையாக வைத்தது. சுற்றிப் பூங்கா அமைத்து, 'பெருங்கற்காலச் சின்னம்' என்று போர்டும் வைத்தார்கள். ஊர் வாய் கேட்குமா? குள்ளர்கள் குடியிருந்த வீடு என்று எப்போதும் சொன்னதையே சொன்னது.

அந்தப் பெயருள்ள இடத்தில் போய் இந்த உயரத்தோடு நிற்பதா? பிரபாகர் தடித்த குதிகால் வைத்த ஷூ வாங்கினான். பூங்கா வாசல் ஜல்லியிலேயே ஒரு குதிகால் கழன்றுவிட்டது. காவலாளி காசிம் பாய் பொறுக்கிக் கொடுத்தும் ஒட்டவில்லை. கைக்குட்டையை மடித்து ஷூவுக்குள் திணித்தான். இப்போது நொண்டினான்.

"காலு ஊனம்னு நெனச்சுக்குவாங்கடா. சட்டுனு போய் உக்காரு" என்றாள் பானுமதி.

கல்திட்டையை சிமெண்ட் மேடையில் ஏற்றி வைத்திருந்தார்கள். வழிமேல் நீட்டிக்கொண்டிருந்த மூடுகல்லுக்கு அடியில் குனியாமலே நுழைந்து, அந்தப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தான். மறுமுனையில் பெண் கவிப்பிரியா முன்பே உட்கார்ந்திருந்தாள்; பக்கத்தில் சித்தப்பா நின்றிருந்தார். நெற்றியில் ஒரு சின்னப் புடைப்பு. கொசு கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"வெதக்கடை வெச்சிருக்கீங்களாமே? சித்தப்பா வாங்கின கத்திரி வெத மொளைக்கவே இல்லீங்க."

"எங்க கடைல வாங்கியிருக்க மாட்டாருங்க."

"உங்க கடைதாங்க."

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இவளை விட்டுவிடக் கூடாது என்று பிரபாகரின் மனசு அடித்துக்கொண்டது.

"வாங்க தம்பி, கல்லச் சுத்திப் பாத்துட்டு வரலாம்" என்றார் சென்றாயன்.

"இங்கருந்தே நல்லாத் தெரியுதுங்க."

"ஆமா சித்தப்பா, நல்லாத் தெரியுது" என்றாள் கவிப்பிரியாவும்.

பெரியவர் கூப்பிட்டும் எழுந்திருக்காத பையன்! சென்றாயன் முகம் சுண்டியது. பானுமதி பதறி, "அவனுக்குக் கொஞ்சம் மூட்டு வலிங்க" என்றாள்.

"இந்த வயசுலயேவா?"

காசிம் பாய் ஹோஸைப் பிடித்துக்கொண்டு வந்தார். "தம்பி, நீங்க எந்திரிங்க, செடிக்குத் தண்ணி விடணும்."

இருவரும் காலை மட்டும் தூக்கிக்கொண்டார்கள்.

பிரபாகருக்கே வெட்கமாகிவிட்டது. ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு எழுந்து நின்றான். "மூட்டு வலியெல்லாம் இல்லீங்க. இதான் என் உசரம். புடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க."

கவிப்பிரியா தலை குனிந்துகொண்டாள். எழுந்திருக்கவே இல்லை.

"சரிங்க" என்று ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினான்.

காசிம் பாய் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"நில்லுங்க தம்பி! வந்ததும் அந்த மூடுகல்லுல நெத்திய இடிச்சுக்கிட்டு, 'என் உசரம் அவருக்குத் தெரியாம உக்கார ஒரு எடம் காட்டுங்க பாய்'னு இந்தப் பொண்ணு கேட்டதால, நான் காட்டின பெஞ்சுங்க இது!"