நீர்மோர் அண்டாவும் சிறப்பு விருந்தினரும்

நான்கு தமிழர்கள் ஓரிடத்தில் கூடினால் ஐந்தாவதாக ஒரு சிறப்பு விருந்தினர் தேவைப்படுகிறார். அவருக்கு ஒரு பொன்னாடை, அதைப் போர்த்த ஒருவர், போர்த்தியதை மைக்கில் சொல்ல இன்னொருவர். துக்க வீட்டுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. (அதுவும் இப்போது சந்தேகம்தான்.) இந்த விதியை மதித்து நடந்ததால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் இருந்தோம். எனக்குப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. எது எங்கே வழுக்கும், எது எப்போது தீப்பிடிக்கும் என்று முன்கூட்டியே பயப்படுவதற்குச் சம்பளம். எங்கள் மகள் அபிக்கு அப்போது எட்டு வயது. பேச்சு வராது, நடை தள்ளாடும், இரவில் தூக்கம் கிடையாது. ஆனால் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். தண்ணீரைக் கண்டால் செருப்போடு இறங்கிவிடுவாள். பத்திருபதாயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு வரும் அந்தக் குறைக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பெயரை வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால், "அவர் எந்த ஆஸ்பத்திரியில பார்க்கிறார்?" என்று கேட்டார்கள்.

கல்யாணங்களுக்குப் போவதை விட்டிருந்தோம். தாலி கட்டும் நேரத்தில் அபி சிரிப்பாள். முன்வரிசையிலிருந்து யாராவது திரும்பி, "குழந்தையைக் கொஞ்சம் அமைதியா வச்சுக்குங்க" என்பார்கள். வெளியே போய் நிற்போம். என் மனைவி வசந்தா பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வருடங்கள் ஆகியிருந்தன. மனம்விட்டுப் பேச அவளுக்கு ஒரு ஆள்கூட இல்லை. அது எனக்கு வலித்தது, ஆனால் அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சென்னையில் அபியைப் பார்த்துவந்த டாக்டர் அம்மா ஒருநாள், "உங்க பக்கத்திலேயே இதே மாதிரி பிள்ளைங்க இருக்காங்களே, தெரியாதா?" என்றார். கோவளத்தில் ஒரு பையன், கருங்குழியில் ஒரு பையன், செங்கல்பட்டில் ஒரு பெண். வசந்தா அன்று மின்சார ரயிலில் செங்கல்பட்டு வரும்வரை அந்த ஊர்ப் பெயர்களையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்க. காபி போட்டுக் குடுத்துப் பேசிக்கிட்டு இருப்போம்."

எனக்கு அது முறையாகப் படவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு சிறிய கல்யாண மண்டபம் பிடித்தேன். பேனர் எழுதினேன். மைக் செட் சொன்னேன். எங்கள் பிரிவின் தலைவரையே சிறப்பு விருந்தினராக அழைத்தேன்.

"நாலு வீட்டுக்காரங்க பேசிக்கிறதுக்கு அவர் எதுக்குங்க?" என்றாள் வசந்தா.

"அப்பத்தான் ஒரு கௌரவம்."

முந்தின நாளே மண்டபத்தை ஆய்வு செய்தேன். கடல் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தினேன். குளியலறைக்குப் பூட்டு. குழாய்களுக்குச் சணல் கயிறு. மேடையில் இருந்த பூ ஜாடியைக்கூடக் கவிழ்த்துக் காயவைத்தேன். பிள்ளைகள் கைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் எட்டாது என்று வசந்தாவுக்கு உத்தரவாதம் கொடுத்தேன். பிறகு, வெயில் காலமாயிற்றே என்று சமையல்காரரிடம் ஒரு பெரிய அண்டா நிறைய நீர்மோர் சொன்னேன். (மோர் என் கண்ணுக்குப் பானமாகத்தான் தெரிந்தது. பாதுகாப்புப் பயிற்சியில் யாரும் மோரைப் பற்றிச் சொல்லித்தரவில்லை.)

எல்லோரும் வந்துவிட்டார்கள். கோவளத்தில் மீன் விற்கும் ஜான்சி மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். கருங்குழியிலிருந்து லாரி ஓட்டும் ஏகாம்பரம் மனைவி, மகனோடு வந்தார். செங்கல்பட்டுக் குடும்பமும் வந்தது. பட்டுப்புடவை சலசலக்க நாற்காலிகளில் விறைப்பாக உட்கார்ந்தார்கள். ஒருவரோடொருவர் பேச வாய்ப்பில்லை, ஏனென்றால் நான் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்துத் தலைவர் எழுந்தார். "இந்தப் பெற்றோர்களின் துயரத்தை நினைத்தால் என் நெஞ்சு கனக்கிறது" என்றார். அபி சிரித்தாள். "கண்கள் கலங்குகின்றன" என்றார். கோவளத்துப் பையனும் சேர்ந்துகொண்டான். அடுத்த வாக்கியத்தில் நான்கு பிள்ளைகளும் சிரித்தார்கள். தலைவர் குனிந்து தன் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்தார். தாய்மார்கள் அவசரமாகப் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள்.

நான் மைக்கை வாங்கி, "பெற்றோர்கள் தயவுசெய்து குழந்தைகளைக் கொஞ்சம் அமைதியாக வைத்துக்கொள்ளவும்" என்றேன்.

வசந்தா என்னைப் பார்த்தாள். ஏகாம்பரம் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "மதுராந்தகம் பஸ்ஸு போயிடும்ங்க, நாங்க கெளம்புறோம்" என்றார். அது பஸ்ஸைப் பற்றிய பேச்சில்லை என்று எனக்கே புரிந்தது. எட்டு வருடம் கழித்துக் கிடைத்த மனிதர்களை நானே மைக் வைத்து விரட்டிவிட்டேன்.

அப்போது பின்பக்கம் 'தொபுக்' என்று சத்தம்.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அபி பின்னால் போய் அண்டாவில் இறங்கியிருந்தாள். கழுத்துவரை மோர், தலையில் கறிவேப்பிலை, வாய் நிறையச் சிரிப்பு. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் மோரை அள்ளி வீசினாள். அது எனக்குப் பின்னால் உதவிக்கு வந்த தலைவரின் முகத்தில் விழுந்தது.

ஜான்சி நிதானமாக வந்து நின்றாள். "இன்னாத்துக்கு அத்தப் புடிச்சி இஸ்துகினு கீற அண்ணாத்த? வுடு. குளுகுளுன்னு குந்திகினு கீது" என்றாள். பிறகு தன் மகனின் சட்டையைக் கழற்றி அவனையும் உள்ளே இறக்கினாள். "நீயும் போடா. இன்னிக்கு ஒரு நாளாச்சும் திட்டு வாங்காம குளி."

ஏகாம்பரம் தோளிலிருந்த பையைக் கீழே வைத்தார். அவர் மகனுக்கு அண்டாவில் இடமில்லை, அதனால் கைகளை மட்டும் விட்டுக் கலக்கினான். செங்கல்பட்டுச் சிறுமி வெளியே நின்று அண்டாவில் வாய் வைத்துக் குடித்தாள். வசந்தா முதலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், பிறகு மூடவில்லை. நான்கு பேர் முன்னால் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தலைவர் தனக்குப் போர்த்திய பொன்னாடையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அதிலேயே அபியின் தலையையும் துவட்டினார்.

ஏகாம்பரத்தின் மனைவி வசந்தா பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணு நைட்ல தூங்குதாம்மா?"

"இல்லக்கா."

"என்னுதும் தூங்காது. நான்தான் சரியா வளக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

வசந்தா அழுதுவிட்டாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அதன் பிறகு சாயங்காலம்வரை அவர்கள் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. என் நன்றியுரை சட்டைப்பையிலேயே மோரில் ஊறிப்போனது.

ஒவ்வொரு கோடையிலும் கூடுகிறோம். மைக் இல்லை, பேனர் இல்லை. இரண்டு அண்டா மோர் உண்டு, ஒன்றுதான் குடிப்பதற்கு. அபி இப்போது வளர்ந்துவிட்டாள், அதனால் நாற்காலி போட்டுக் காலை மட்டும் விட்டுக்கொள்கிறாள். எந்த விசேஷத்திலாவது நான் பேச எழுந்து தொண்டையைச் செருமினால், "மோர் எங்க இருக்குன்னு பார்த்துட்டுப் பேசுங்க" என்கிறாள் வசந்தா. எங்கள் நான்கு குடும்பங்களுக்கும் இது மனப்பாடம்.

போன முறை ஒரு இளம் தம்பதி புதிதாக வந்தார்கள். கையில் மூன்று வயதுப் பையன், சிரித்துக்கொண்டிருந்தான். "சாரி சார், இவன் கொஞ்சம் சத்தம் போடுவான். நாங்க வாசல் பக்கமா உட்கார்ந்துக்கறோம்" என்றார் அந்தத் தகப்பன். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"நீ பேசாதே அண்ணாத்த" என்றாள் ஜான்சி. பையனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேரே அண்டாவுக்கு நடந்தாள்.