எருமை வம்சத்துக்கும் பத்திரம் எழுதியவர்

நாமக்கல் தாலுகாவில் உயிரோடிருந்த அத்தனை பேரையும் ஒரு தடவையாவது வாயாலேயே சாகடித்துப் பார்த்தவர், பத்திரம் எழுதும் 'அதுக்கப்புறம்'!

நான் அப்போது பத்திர ஆபீஸில் நகல் எழுதும் குமாஸ்தா. அவர் வாசலில் சாய்வு மேசையோடு உட்கார்ந்திருப்பார். யார் என்ன சொன்னாலும் "அதுக்கப்புறம்?" என்பார்; அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை யாரோ "நூறு வயசு நல்லா இருங்க சாமி" என்று வாழ்த்த, இவர் வாய் சும்மா இருக்காமல் "அதுக்கப்புறமுங்க?" என்று கேட்டுவிட்டார். பந்தியிலிருந்தே எழுப்பிவிட்டார்கள். மனிதர் பாயச டம்ளரைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்!

ஒருநாள் புதுச்சத்திரம் பக்கத்துக் கவுண்டர் ஒருவர் தம்பியோடும் மகனோடும் வண்டி கட்டி வந்தார். மனைவி இல்லை, அவருக்கும் நெஞ்சு வலி. மகன் சின்னானுக்கு வயது இருபது, விவரம் மட்டும் ஆறு வயதுப் பிள்ளைக்குரியது. தோட்டத்தைத் தம்பி பேருக்கு எழுதிவிட்டால் அவர் சின்னானுக்குச் சோறு போடுவார் என்று ஏற்பாடு. அந்தக் காலத்தில் வாய்ச் சொல்லை நம்பி எல்லாரும் செய்ததுதான்.

"என்ற காலத்துக்குப் பொறவு தம்பி பாத்துக்குவானுங்க" என்றார் கவுண்டர்.

"அதுக்கப்புறம்? தம்பி காலமும் முடிஞ்சா?"

தம்பிக்கு மீசை துடித்தது. "ஏனுங்க, என்னைய நம்பலீங்களா?"

"உங்களை நம்பறேனுங்க. உங்க ஆயுசைத்தான் நம்பலீங்க!"

அடி விழப்போகிறது என்று நான் மைக்கூட்டை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். அவரோ பேனாவை உதறினார். "நெலம் பையன் பேர்லயே இருக்கட்டும். அவன் இருக்கிற மட்டும் யாரும் விக்கக் கூடாது, அடமானம் வெக்கக் கூடாது. தம்பி ஊட்டார் பண்ணையம் பண்ணிச் சோறு போடட்டும். கடைசி மட்டும் எவன் போடறானோ, அவனுக்கே நெலம்!"

தம்பி யோசித்தார். "நாயந்தானுங்க" என்றார்.

பிறகு நம்மவர் செய்ததுதான் அதிசயம். சின்னான் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன வேணும் சாமி?" என்றார். அதுவரை அவனை யாருமே அப்படிக் கேட்டதில்லை.

"எருமைங்க. அதுங்கிட்டத்தான் படுப்பேனுங்க."

"எருமை செத்துப்போச்சு. அதுக்கப்புறம்?"

"அதும்பட கன்னு!"

"அதுக்கப்புறம்?"

"அதும்பட கன்னு!"

இருவரும் கூவிக் கூவி ஏழு தலைமுறை போனார்கள். "இந்த ஆபீஸ்லயே வெவரமானவன் இவன் ஒருத்தந்தான்!" என்று துள்ளினார் நம்மவர். வீடு, கட்டுத்தரை, எருமை, எருமையின் வம்சம் எல்லாம் பத்திரத்தில் ஏறின. ரிஜிஸ்திரார் சிரித்துக்கொண்டே பதிவு செய்தார். நகல் எழுதிய எனக்கு விரல் வீங்கிவிட்டது.

கவுண்டர் காலமானார், சில வருஷத்தில் தம்பியும் போனார். தம்பி மகன்கள் நிலத்தை விற்க ஆள் கூட்டி வந்தார்கள். வந்தவர் பத்திரத்தைப் படித்தார். எருமை வம்சம் வரைக்கும் படித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்! மகன்கள் முதலில் நிலத்துக்காகச் சோறு போட்டார்கள். பிறகு பிரியமாகவே போட்டார்கள்.

பின்னொரு நாள் அந்தப் பக்கம் போனேன். கன்றைக் கழுவிக்கொண்டிருந்த சின்னான் என்னைப் பார்த்ததும் அதையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"பத்தரம் எழுதற ஐயா வல்லீங்களா?"

"போன மாசம் செத்துப்போயிட்டார், சின்னா."

அவன் என் முகத்தையே பார்த்தான். "அதுக்கப்புறமுங்க?"

கன்றின் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.