சைக்லமனுக்கு மஃப்ளர் கட்டியவன்

மதுரைக்காரனான எனக்குக் குளிரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பயம் மட்டும்தான். டிசம்பர் வந்ததும் துபாயே பூங்காக்களில் கோழி சுட்டுக்கொண்டிருக்கும். நான் மட்டும் வீட்டுக்குள் ஜன்னல் ஜன்னலாகச் சாத்திக்கொண்டிருப்பேன். (பனி தலையில் இறங்கிவிடும். எப்படி இறங்கும் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை.)

அந்த வருடம், பர் துபாயில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்த ஸ்டெல்லா டீச்சர், கிறிஸ்துமஸ் லீவுக்குக் குன்னூர் போகும்போது தன் செடிகளை எங்களிடம் விட்டுப் போனார். டீச்சர் என்பது பேச்சுக்கு. என் மகள் யாழினிக்கு நாங்கள் சீட் கேட்டிருந்த பள்ளியின் தலைமையாசிரியை அவர். ஜனவரியில் இன்டர்வியூ. ஆகவே அந்தத் தொட்டிகளை, பிரசவ வார்டில் பிள்ளையை வாங்குவதுபோல இரு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

“பிகோனியா ரெண்டும் உள்ள இருக்கட்டும். சைக்லமன் மட்டும் பால்கனில வைங்க. அதுக்குக் குளிர்தான் உயிர்” என்றார். பயபக்தியுடன் தலையாட்டினேன்.

சைக்லமன் ஒரு விசித்திரமான பூ. எதிர்காற்றில் ஓடி வந்து நின்றதுபோல, இதழ்களையெல்லாம் பின்னால் பறக்கவிட்டிருக்கும். அன்று மாலை காற்று கொஞ்சம் எழுந்தது. கண்ணாடிக்கு அப்பால் அது ஆடியது. ஆடுகிறது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். கவிதை எழுதுகிறவனான எனக்கு நடுங்குகிறது என்றுதான் தோன்றியது.

உள்ளே தூக்கி வந்தேன். ஓர் இலை மஞ்சளானது. குளிர் ஏற்கெனவே இறங்கிவிட்டது என்று முடிவுகட்டி ரைஸ் குக்கர் பக்கத்தில் வைத்தேன். இன்னும் மஞ்சள். தொட்டிக்கு என் மஃப்ளரைச் சுற்றினேன். என் மனைவி சித்ரா, அவர் வெளியேதானே வைக்கச் சொன்னார் என்றாள். அது குன்னூர்ப் பழக்கம், இது துபாய்ச் செடி என்று விளக்கினேன். (என்ன பொருளில் சொன்னேன் என்று இன்றும் புரியவில்லை.) பிகோனியாக்கள் என் வைத்தியத்தில் கொழுத்தன. சைக்லமன் காம்பு காம்பாகச் சரிந்தது. கூடவே மகளின் சீட்டும் சரிவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

டீச்சர் சொன்ன தேதிக்கு முன்பே வந்து மணியடித்தார். கதவைத் திறந்தவள் யாழினி: ஸ்வெட்டர், சாக்ஸ், குரங்குக் குல்லா. அவளுக்குப் பின்னால், மஃப்ளர் கட்டிய தொட்டியை ஒளிக்க இடம் தேடியபடி நான். டீச்சர் என்னை விட்டுவிட்டு, தொட்டியையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உனக்குக் குளிருதா பாப்பா?”

“இல்ல மிஸ். அப்பாக்குதான் குளிருது. எனக்கும் செடிக்கும் ரொம்ப ஹாட்டா இருக்கு.”

டீச்சர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து பால்கனிக் கதவைத் திறந்தார். மஃப்ளரை அவிழ்த்து என் தோளில் போட்டார். குல்லாவைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“கிழங்கு உயிரோடதான் இருக்கு சார், மறுபடி துளிர்க்கும். ஜனவரில பிள்ளைய அம்மா கூட்டிட்டு வரட்டும். நீங்க வரணும்னு இல்ல.”

சித்ராதான் போனாள். சீட் கிடைத்தது. அடுத்த டிசம்பரில் டீச்சரின் தொட்டிகள் எங்கள் வாசலைத் தாண்டி வாட்ச்மேன் அறைக்குப் போயின.

யாழினி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நான் ஜன்னலைச் சாத்த நகர்ந்தாலே போதும், ஏதாவதோர் அறையிலிருந்து குரல் வந்துவிடும்: “அப்பா, செடி வாடுது.”

எங்கள் வீட்டில் ஒரு செடிகூடக் கிடையாது.