இல்லாத ஸ்டேஷனுக்கு வலப்பக்கம்

உலகத்தின் நடு எது என்று ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் யாராவது கேட்டால், ஸ்டேஷனடி அண்ணை யோசிக்காமல் தன் வீட்டு ஜன்னலைத் திறந்து காட்டுவார். எதிரே, ஆற்றுக்கு மேலே இரும்புக் கால்களில் நின்றது பச்சைக் கூரை போட்ட அந்தப் பழைய ஸ்டேஷன். தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடும் எங்கள் ஊர் ரயில் அங்கே நின்று போகும்.

அவருடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டுக்குத்தான் தெரியும். அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, புருஷன் பெயரைச் சொல்லமாட்டா. அண்ணையோ, எங்கே போக வழி கேட்டாலும் "ஸ்டேஷனடியிலை இருந்து" என்றுதான் தொடங்குவார். தபால் கந்தோர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தாலும், உங்களை ஸ்டேஷனுக்கு அனுப்பித்தான் திருப்பி அழைத்துவருவார். முழங்கால் எப்போது நோகிறது என்று டொக்டர் கேட்டதற்கு, ஸ்டேஷனின் கடைசிப் படியில் என்றாராம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஸ்டேஷன் வரலாறும் இலவசம். ராசா ஒருவர் அங்கே வந்து இறங்கினாராம். இறங்கி வலப்பக்கம் திரும்பினாராம், அதாவது அண்ணையின் வீட்டுப் பக்கம். முன்னொரு காலம் சர்க்கஸ் யானைக்குட்டி ஒன்று ஓடும் ரயிலிலிருந்து ஆற்றில் பாய்ந்தது ஊரறிந்த உண்மை. அதற்கு அண்ணையிடம் தனி விளக்கம் இருந்தது. "எங்கடை ஸ்டேஷனிலை இறக்கியிருந்தால் அது ஏன் பாயுது?"

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு பழைய ஸ்டேஷன்களைக் கழற்றிப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். எங்களுடையதும் போனது. படி போனது, கூரை போனது, ரயில் நிற்காமலே தலைக்கு மேலே போனது. அண்ணை ஜன்னலைச் சாத்தினாரே தவிர, வழி சொல்வதை மாற்றவில்லை. கேட்டால், கொஞ்ச நாள் பூட்டியிருக்கிறது என்பார். கூரை லொறியில் ஏறியதை நின்று பார்த்த மனுஷன்.

அந்த வருஷமே மகளுக்குக் கலியாணம். வீட்டுக்கு அடுத்த ரோட்டில் மண்டபம். அழைப்பிதழில் மண்டபத்தின் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே 'ஸ்டேஷனடி' என்று மட்டும் அடித்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் டோர்ட்மண்டிலிருந்து இரண்டு வான் வண்டிகளில் புறப்பட்டார்கள். நல்ல நேரம் முடிய அரை மணித்தியாலம் இருக்கையில் மாப்பிள்ளையின் தமையன் அண்ணைக்குப் போன் எடுத்தார். ஆற்றோரமாக ஊரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடியாயிற்றாம், அண்ணை அடையாளம் சொன்ன பச்சைக் கூரையைக் காணவில்லையாம். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். உள்ளே அலங்கரித்து வைத்த மகள் அழத் தொடங்கினாள்.

அக்கா ரோட்டின் பெயரைச் சொல்லச் சொன்னா. அண்ணை என்னைப் பார்த்தார், நான் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். இத்தனை வருஷம் இருந்தும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான்தான் வெளியே ஓடி, பலகையைப் பார்த்து வந்து சொன்னேன். அந்த ரோட்டு எங்கே இருக்கிறது என்று தமையன் கேட்டார்.

"ஸ்டேஷனடியிலை," என்றார் அண்ணை.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பும் இல்லாமல் பெரிய ரோட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். முன்பு ஸ்டேஷன் படி தொடங்கிய இடத்தில் போய் நின்றார். மேலே ரயில் நிற்காமல் போனது. அது போய் மறையும்வரை பார்த்துவிட்டுப் போனில் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, ஸ்டேஷன் இல்லை. கழட்டிப் போட்டாங்கள். அந்த இடத்திலை இப்ப நான் நிக்கிறன். என்னைக் கண்டவுடனை வலப்பக்கம் திரும்புங்கோ."

பிறகு சால்வையை எடுத்து இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தார். பஸ்காரர் ஒருவர் ஹோர்ன் அடித்தார். என்ன ஊர்வலம் என்று ஒரு ஜெர்மன் மூதாட்டி என்னிடம் விசாரித்தா. கடைசியில் இரண்டு வான்களும் அண்ணையைக் கண்டு ஒழுங்காக வலப்பக்கம் திரும்பின. தாலி நேரத்துக்கு ஏறியது. அண்ணை கண்ணைத் துடைத்தது மகளுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி சரி.

இப்போது அங்கே கண்ணாடி போட்ட புது ஸ்டேஷன் நிற்கிறது. அண்ணை மகளோடு டோர்ட்மண்டில் இருக்கிறார். போன மாதம் என்னைச் சாப்பிட வரச்சொல்லி வழியும் சொன்னார்.

"முதலிலை எங்கடை ஸ்டேஷனடிக்குப் போங்கோ," என்று தொடங்கினார்.

நான் இப்போது குடியிருப்பது எங்கள் ஊரின் பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். டோர்ட்மண்ட் ரயில் என் வீட்டுக்குப் பின்னால்தான் புறப்படுகிறது. ஆனாலும் ஸ்டேஷனடிக்குப் போய், அங்கிருந்துதான் புறப்பட்டேன்.